திதி தெரியாத தாய்

ஒகேனக்கல்லில் காவிரிக் கரையில் அமர்ந்து எள்ளும் நீரும் இறைக்கும் அன்பர்களிடம் புரோகிதர் கேட்கும் கேள்விகள் சிலவே. கோத்திரம் என்ன? தகப்பனார் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், அவருக்கும் முந்தியவர் பெயர்? பிறகு தாயார், பாட்டியார், முப்பாட்டியார். மூன்று தலைமுறை ஆடவர். மூன்று தலைமுறை மகளிர். கோத்திரம் அறியாதவர்க்குக் காசியப கோத்திரம் உண்டு. நம் குடும்பங்கள் பலவற்றில் சிவ கோத்திரம் என்று சொல்லும் வழக்கமும் உண்டு. திதி அறியாதவர்க்கு மகாளய அமாவாசை இருக்கிறது. பெரியோர்கள் எல்லாக் குறைக்கும் ஒரு வழி வைத்துத்தான் போயிருக்கிறார்கள். ஆயினும் பெற்ற தாயின் பெயரைக் கேட்கும்போது வாய் திறவாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். அப்போது அவருக்கு 77 வயது.

பென்னாகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வளர்ந்து, தொடக்கப் பள்ளி ஆசிரியராகி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பெயரையும் பெற்றோர் பெயரையும் சேர்க்கைப் பதிவேட்டில் தம் கையால் எழுதியவர். தம் தாயின் பெயர் மட்டும் அவருக்குத் தெரியாது. நடை பழகி ஓடத் தொடங்கிய பருவத்தில் தாய் போய்விட்டாள். தகப்பனார் மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னை நல்லவள், குறை சொல்ல ஒன்றுமில்லை. முப்பது ஆண்டுகளாகத் தர்ப்பணத்தில் தாயார் என்ற இடத்தில் அந்தச் சிற்றன்னையின் பெயரையே சொல்லி வந்தார். அதில் தவறில்லை என்றுதான் புரோகிதரும் சொன்னார். ஆனாலும் அந்த ஒரு கை நீர் மட்டும் போய்ச் சேர வேண்டியவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்ற ஐயம் அவரை விட்டபாடில்லை.

பெயர் எப்படி மறைந்தது என்று இக்காலப் பிள்ளைகள் வியப்பார்கள். முதியோர்க்கு இதில் வியப்பில்லை. கணவன் மனைவியின் பெயரைச் சொல்லி அழைப்பதில்லை. மாமியார் ‘பெண்ணே’ என்பாள். நாத்தனார் ‘அண்ணி’ என்பாள். ஊரார் இன்னார் மருமகள் என்பார்கள். பிள்ளை பிறந்த பிறகு அந்தப் பிள்ளையின் அம்மா என்பார்கள். புகுந்த வீட்டு வாசலில் கால் வைத்த நாளிலிருந்து ஒரு பெண்ணின் பெயர் உறங்கப் போய்விடும். பிறந்த வீட்டார் தொடர்பும் அறுந்துபோனால் அதை எழுப்ப ஆளில்லை.

தகப்பனாரிடம் கேட்டிருக்கலாமே எனில், கேட்க முடியாத ஒரு காரணம் இருந்தது. சிறுவனாக இருந்தபோது பங்காளிச் சண்டை ஒன்றில் யாரோ வீசிய சொல் அவர் காதில் விழுந்தது: ‘கிணற்றில் விழுந்தவள் பெற்ற பிள்ளைதானே நீ!’ அன்றிரவு தகப்பனாரின் முகத்தைப் பார்த்த சிறுவன் எதையும் கேட்கவில்லை. பிறகு எப்போதும் கேட்கவில்லை. அகால மரணம் எனில் அதற்குரிய சாந்தி நடந்ததா, நடக்கவில்லையா? இந்தக் கேள்வி ஓர் ஆண்மகனின் நெஞ்சில் எழுபதாண்டுகள் கிடந்தது.

வளர்த்த அத்தை ஒருத்திதான் அவ்வப்போது ஏதேனும் சொல்வாள். அதுவும் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் போகாது. ‘நீ ஆடிப் பதினெட்டு கழிந்து ஏழெட்டு நாளில் பிறந்தவன். அண்ணியைக் கிரகணத்தன்று வீட்டுக்குள்ளேயே இரு என்று சொன்னேன், கேட்கவில்லை. மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு போனார்கள்.’ இவ்வளவே. அத்தையும் காலமானாள். இவ்விரண்டு வாக்கியங்களே பின்னர் வழிகாட்டியாயின.

தேடலைத் தொடங்கி வைத்தவள் பேத்தி. தாத்தாவுக்குப் பிறப்புச் சான்று இல்லை என்பதை அறிந்து, ‘எழுதி வைக்காமலா இருந்திருப்பார்கள்?’ என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கென 1899-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அது எல்லாச் சிற்றூர்களுக்கும் ஒரே நாளில் பொருந்திவிடவில்லை, பகுதி பகுதியாகவே விரிந்தது. ஊரில் அந்த ஏட்டை வைத்திருந்தவர் கிராம முன்சீப். மணியக்காரர் என்று மக்கள் அழைத்தவர். பிள்ளை பிறந்ததையும் உயிர் பிரிந்ததையும் அவருக்குச் சொல்லிப் போனவர்கள் தலையாரியும் வெட்டியானும். எழுத்தறியாத அந்த எளியவர்களின் நடையால்தான் இன்று நம் முன்னோரின் நாட்கள் நமக்குக் கிடைக்கின்றன. இதை யாரும் நன்றியோடு நினைப்பதில்லை.

நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் 1969-இல் இயற்றப்பட்டு, தமிழ்நாட்டில் 1970 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவி 1980-இல் ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். ஆனால் பழைய ஏடுகள் ஊரில் தங்குவதில்லை. கிராமத்தில் எழுதிய ஏடு வட்ட அலுவலகம் வழியாகச் சார்பதிவாளர் அலுவலகத்தின் காப்பறைக்குச் சேரும். பத்திரம் பதியும் அதே அலுவலகந்தான். நகரத்தில் பிறந்தவர்களாயின் நகராட்சி அலுவலகம். பலரும் இதை அறியாமல் கிராம நிர்வாக அலுவலரிடமே நடந்து நடந்து சலித்துப் போகிறார்கள்.

பெரியவர் கேட்ட காலத்து ஏடுகளில் மாவட்டத்தின் பெயரே வேறு. தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ஆம் நாள். அதற்கு முன் எல்லாம் சேலம் ஜில்லா. தருமபுரி மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். ஆகவே தேடுவோர் ஊரின் இன்றைய முகவரியைச் சொல்லிப் பயனில்லை. பிறந்த நாளில் அவ்வூர் எந்த வட்டத்தில் இருந்தது என்று அறிந்து செல்ல வேண்டும்.

ஆண்டு? அதுவே முதல் சிக்கல். பள்ளிச் சான்றில் இருந்தது 1936 ஜூலை 1. அந்தக் காலத்தில் வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்லுவார்கள். தொட்டுவிட்டால் பள்ளிக்கு ஏற்ற வயது. தலைமையாசிரியர் தாமே ஒரு தேதியை எழுதிக்கொள்வார். இவர் கை நீளமாக இருந்திருக்க வேண்டும். அத்தை சொன்ன ஆடி மாதத்தோடு ஜூலை முதல் தேதி பொருந்தவே இல்லை; ஆடி பிறப்பதே ஜூலை நடுவில்தானே. எனவே 1935 முதல் 1938 வரை நான்கு ஆண்டுகளைத் தேடித் தருமாறு மனு எழுதினார். ஊர்ப் பெயர், தகப்பனார் பெயர், பாட்டனார் பெயர், ஆண் குழந்தை. தேடுதலுக்குரிய கட்டணமும் செலுத்தினார். சில வாரங்களில் விடை வந்தது: அவ்வாறான பதிவு ஏதும் இல்லை.

மனமுடைந்து நின்றவரைப் பார்த்து அங்கிருந்த எழுத்தர் அம்மையார் ஒரு கேள்வி கேட்டார். ‘ஐயா, நீங்கள் தலைச்சன் பிள்ளையா?’

‘ஆமாம் அம்மா.’

‘தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே நடக்கும்? தகப்பனார் ஊர் ஏட்டில் எப்படி இருக்கும்? அம்மா பிறந்த ஊர் எது?’

நாற்பதாண்டுகள் ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவர் வாயடைத்து நின்றார். தாயின் பெயரே தெரியாதவருக்குத் தாயின் ஊர் எப்படித் தெரியும்?

திருமணப் பதிவிலிருந்து தெரியுமே என்று தோன்றும். தெரியாது. இந்து திருமணச் சட்டம் வந்ததே 1955-இல். அதிலும் பதிவு செய்துகொள்ள வழி வைத்தார்களே தவிர, எல்லோரும் செய்துகொள்ளவில்லை. தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமானது 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால். அதற்கு முந்திய தலைமுறைக்குத் தாலியும், அக்கினியும், கூடியிருந்த சுற்றமுமே சாட்சி. கோயிலில் நடந்த திருமணமானால் இரசீது இருக்கலாம். வீட்டில் நடந்திருந்தால் மஞ்சள் தடவிய பத்திரிகை, அதுவும் கரையான் விட்டு வைத்திருந்தால்.

வடநாட்டார் இதில் பாக்கியசாலிகள். ஹரித்வாரத்தில் பண்டாக்கள் குடும்பம் குடும்பமாக ஏடு வைத்திருக்கிறார்கள். அஸ்தி கரைக்க வருபவன் தன் ஊரைச் சொன்னால், பாட்டன் வந்து கையொப்பமிட்ட பக்கத்தை விரித்துக் காட்டுவார்கள். கடல் கடந்து போனவர்களுக்கும் ஏடு உண்டு. 1860-இல் சென்னையிலிருந்து ‘டுரூரோ’ கப்பல் நேட்டாலுக்குப் போனது முதல், ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற ஒவ்வொருவருக்கும் எண்ணிட்டு, பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, ஊர் என்று எழுதிவைத்தார்கள். கரும்புத் தோட்டத்துக்காக எழுதிய கணக்கு அது, அன்பினால் எழுதியதன்று. இருந்தும் அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பூர்வீக ஊரைத் தேடி வருகிறார்கள். உள்ளூரிலேயே இருந்துவிட்ட நம்மிடந்தான் ஏடு இல்லை.

இல்லை என்று சொல்வதும் முழு உண்மையன்று. தமிழர் வீடுகளில் ஓர் ஏடு உண்டு. அதை யாரும் வரலாறாக மதிப்பதில்லை. மொய் நோட்டு! பெரியவர் வீட்டு மரப்பெட்டியின் அடியில், பழைய பட்டாவுக்கும் கிரயப் பத்திரத்துக்கும் இடையில், அத்தையின் திருமண மொய் நோட்டு ஒன்று கிடந்தது. ஓரங்கள் பொடிந்திருந்தன. பேத்தி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எட்டணா, நாலணா, ஒரு ரூபாய். மூன்றாம் பக்கத்தில் பெரிய தொகை ஒன்று. அதற்கு எதிரே ‘அண்ணன் மாமனார்’ என்ற உறவும், பாலக்கோட்டுப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரும் இருந்தன. எழுதியவர் அங்கும் ஆளின் பெயரை எழுதவில்லை. ஊரை எழுதியிருந்தாரே, அது போதும்.

புதிய மனு வேறோர் அலுவலகத்துக்குப் போனது. இம்முறை விடை வந்தது. 1937 ஆகஸ்டு இரண்டாம் வாரம், ஈசுவர வருஷம் ஆடி மாதம், ஓர் ஆண் குழந்தை. குழந்தையின் பெயர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. அந்நாளில் பெயர் சூட்டும் முன்பே பிறப்பை எழுதிவிடுவார்கள். பிறகு யாரும் போய்ச் சேர்க்கச் சொல்வதில்லை. தகப்பனார் பெயர் சரியாக இருந்தது. அதற்கு அடுத்த இடத்தில் தாயின் பெயர்.

அலுவலக வாசலில் இருந்த புங்கமரத்தடித் திண்ணையில் உட்கார்ந்து அதை அவர் பலமுறை படித்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை. பேத்தி, ‘தாத்தா, ஓராண்டுக்கு மேல் முன்கூட்டியே ஓய்வு கொடுத்துவிட்டார்களே, ஓராண்டுச் சம்பளம் போயிற்றே!’ என்று வேடிக்கை பேசினாள். அவர் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பெயர் கிடைத்தது. இனித் திதி. அத்தையின் இரண்டாம் வாக்கியத்தை இப்போது எடுத்துக்கொண்டார்கள். 1937-க்குப் பின், சிறுவன் ஓடி விளையாடும் பருவத்தில், நம் நாட்டில் கண்ணுக்குத் தெரிந்த கிரகணம் எது? 1939 மே 3, புதன்கிழமை. பிரமாதி வருஷம், சித்திரை மாதத்துப் பௌர்ணமி. அன்றிரவு முழுச் சந்திர கிரகணம். அதிலிருந்து மூன்றாம் நாளை ஒட்டித் தேடினால் போதும். கணவன் ஊர் ஏட்டில், மே 6 சனிக்கிழமைக்கு எதிரே அந்தப் பெயர் இருந்தது. இன்னார் மனைவி என்றும் இருந்தது. வயது 20.

மரணத்தின் காரணம் மட்டும் சான்றில் இல்லை. இறப்புப் பதிவின் நகலை எவர் கேட்டாலும் கொடுக்கலாம், ஆனால் அதில் மரணத்தின் காரணத்தை வெளியிடலாகாது என்று 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. மகன் என்றாலும் விலக்கில்லை. எழுத்தர் அம்மையார் அதைப் பணிவாகவே எடுத்துச் சொன்னார். சட்டத்தின் நோக்கம் நல்லதுதான். இறந்தவர்க்கும் ஒரு மறைவு வேண்டும். அன்றியும், பழைய கிராம ஏடுகளில் அந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் பெரும்பாலும் காய்ச்சல் என்ற ஒரே சொல்தான் இருக்கும். எது வந்தாலும் முன்சீப்புக்கு அது காய்ச்சல். ஆனால் கிணறு எனில் கிணறு என்றுதானே எழுதியிருப்பார்? பெரியவரின் நெஞ்சில் உறுத்தியது அதுவே.

தருமபுரி மண்ணில் இதற்கு நேர் எதிரான ஓர் ஏடு உண்டு என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஆநிரை மீட்கப் பொருது பட்டவன், புலியோடு போராடி மாண்டவன் ஆகியோர்க்கு நட்ட நடுகற்கள் இம்மாவட்டத்தில் ஏராளம். பல கற்கள் தருமபுரி நகரத்துத் தொல்லியல் அகழ்வைப்பகத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னாருடைய சேவகன் இன்னான், இன்ன ஊரில் தொறு மீட்டுப் பட்டான் என்று கல் சொல்லும். அங்கே மரணத்தின் காரணமே முதன்மை, அதற்காகவே கல். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மாடு மீட்கப் போனவன் எப்படி இறந்தான் என்பது தெரிகிறது. பெற்றவள் எப்படிப் போனாள் என்பது தெரியவில்லை. அகழ்வைப்பகத்துக்குப் பிள்ளைகளைப் பலமுறை அழைத்துச் சென்ற அந்த ஆசிரியருக்கு இந்த எண்ணம் வராமல் இருந்திருக்குமா?

பல நாட்கள் கழித்து ஒரு மாலையில் பேத்திதான் கேட்டாள். ‘தாத்தா, கிரகணத்தன்று வீட்டுக்குள்ளேயே இரு என்று பெரியவர்கள் யாரிடம் சொல்வார்கள்?’

அவர் கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

கருவுற்றவளிடம் அன்றி வேறு யாரிடம் சொல்வார்கள்? இந்த வாக்கியத்தை எழுபதாண்டுகள் நெஞ்சில் வைத்திருந்தும், கிரகணத்தன்று வெளியே போனவள் கிணற்றடிக்குத்தான் போனாள் என்றே அவர் பொருள் கொண்டிருந்தார். பங்காளி வீசிய சொல் அத்தையின் சொல்லை மறைத்துவிட்டது.

மூன்றாவது மனு. அதே ஊர், அதே ஆண்டு, அதே வாரம். இம்முறை பிறப்பு ஏடு. பிறப்புப் பதிவில் மறைக்க ஒன்றுமில்லை. 1939 மே 4, பெண் குழந்தை. தகப்பன் அவர், தாய் அவள். பெயர் என்ற இடம் இங்கும் வெறுமை. அதே மாத இறப்பு ஏட்டில், தாய்க்கு ஒன்பது நாட்களுக்குப் பின், ‘பெயரிடப்படாத பெண் குழந்தை’ என்று ஒரு வரியும் இருந்தது.

கிணறு இல்லை. பிள்ளை பெற்று மூன்றாம் நாள் போயிருக்கிறாள். காரணக் கட்டத்தை யாரும் திறக்கவில்லை, சட்டமும் மீறப்படவில்லை. கிரகணத்தன்று வெளியே வந்ததால் நேர்ந்த தோஷம் என்று வீட்டார் நம்பியிருப்பார்கள். தடுக்கத் தவறினோம் என்று தங்களையே நொந்து வாய் மூடியிருப்பார்கள். அந்த மௌனத்தின் வெற்றிடத்தை ஊர் வாய் தன் விருப்பம்போல் நிரப்பிக்கொண்டது. உண்மையில் அன்றைய சிற்றூர்களில் மருத்துவச்சியின் கைக்கு அப்பால் எந்த உதவியும் இல்லை. பேறுகாலத்தில் எத்தனையோ தாய்மார்கள் கிரகணம் இல்லாத நாட்களிலும் போனார்கள்.

இதைப் படிக்கும் குடும்பங்கள் சிலவற்றிலும் இத்தகைய வெற்றிடங்கள் இருக்கலாம். தேடுவோர் தலைச்சன் பிள்ளையைத் தாய்வழி ஊரிலும், அடுத்த பிள்ளைகளைத் தந்தை ஊரிலும் தேடுவது நல்லது. நாள் தெரியாவிட்டால் திருவிழா, பஞ்சம், வெள்ளம், கிரகணம் என்று முதியோர் சொல்லும் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளலாம். பதிவு இல்லை என்று விடை வந்தால் அதையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னாளில் தாமதப் பதிவு செய்ய அது உதவும். இக்காலப் பிள்ளைகளுக்கு இந்த அலைச்சல் வேண்டாம். பிறந்த 21 நாட்களுக்குள் பதிந்து, பெயரையும் மறவாமல் சேர்த்துவிட வேண்டும். 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த நாளையும் இடத்தையும் காட்டும் ஆவணம் பிறப்புச் சான்றுதான். காதைத் தொட்டுக் காட்டி இனிப் பயனில்லை.

பழைய பஞ்சாங்கங்களைச் சேர்த்து வைத்திருந்த சோதிடர் ஒருவர் திதியைக் கணித்துக் கொடுத்தார். உயிர் பிரிந்த நேரம் ஏட்டில் இல்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை நண்பகலில் நடந்தது திருதியை. சித்திரை மாதம், தேய்பிறைத் திருதியை.

அடுத்த ஆண்டு அந்தத் திதியில் ஒகேனக்கல்லுக்குப் போனார்கள். கோடைக் காலமாதலால் நீர் குறைவுதான். இருந்தாலும் அருவியின் ஓசை குறையவில்லை. தர்ப்பைப் பவித்திரத்தை விரலில் அணிந்து பெரியவர் அமர்ந்தார். புரோகிதர் வழக்கம்போல் சிற்றன்னையின் பெயரைச் சொல்லத் தொடங்கினார். பெரியவர் கையமர்த்தினார்.

அந்தக் குழந்தைக்கும் ஏதேனும் செய்ய வேண்டுமே என்று முன்னதாகவே கேட்டிருந்தார். பல் முளைக்காத சிசுவுக்குச் சிராத்தம் இல்லை என்று புரோகிதர் சொல்லிவிட்டு, சற்று யோசித்து, வாழையிலையில் இருந்த பூவில் ஒரு பிடி எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதைப் பேத்தி வாங்கி நீரில் விட்டாள்.

‘தாயார் பெயர்?’ என்றார் புரோகிதர்.

பெரியவர் சொன்னார். அருவி ஓசையில் புரோகிதரின் காதில் விழவில்லை. இன்னொரு முறை, உரக்கச் சொன்னார்.